சிட்அவுட்டில் படுத்திருப்பவன் யார்?

நடுவர் ஐயா அவர்களே, இருபது நிமிடத்தில் இந்த ஊர் முழுவதையும் எறும்பாக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணித் தலைவர் டீச்சர் அவர்களே, அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சேமிப்புச் செம்மல்களே, என் அணித் தோழர்களே, வழுக்கு மரம் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கோடு முன்வரிசையைப் பிடித்திருக்கிற தம்பிமாரே, சுவரோரம் நிற்கிற அக்காமாரே, அம்மச்சிமாரே, எல்லாருக்கும் பொங்கல் விழா வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை ஞாபகப்படுத்திவிடுகிறேன். 'மகிழ்ச்சியாக வாழ மனிதன் பாடம் கேட்க வேண்டியது நாளைக்குச் சேர்க்கும் எறும்பிடமா, இன்றைக்கு வாழும் நாயிடமா?' மகிழ்ச்சியாக வாழ, ஐயா. வசதியாக வாழ என்று விழாக் கமிட்டி நோட்டீசில் போடவில்லை. டீச்சர் பேசியது பூராவும் வசதி. மழைக்காலத்துக்கு அரிசி, கடைசிக் காலத்துக்குப் பென்ஷன், பிள்ளைக்கு நகை, பேரனுக்கு நிலம். அருமையான பேச்சு. அதில் சிரிப்பு எங்கே வந்தது? ஒரே ஒரு இடத்தில், டீச்சர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது.

நான் கூட்டுறவு வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவள். ஆர்.டி. போடுங்கள், வைப்புநிதி போடுங்கள் என்று ஊர்ச் சனத்தைப் பிடித்து இழுப்பதுதான் என் பிழைப்பு. நியாயமாக நான் எறும்பு அணியில் நிற்க வேண்டியவள். 'நீயா நாய்க் கட்சியில் பேசுகிறாய்?' என்று எங்கள் மேனேஜர் கேட்டுவிட்டார். என்ன செய்ய, கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் சில சங்கதி தெரிகிறது.

வருஷா வருஷம் ஒரு பெரியவர் வருவார். வைப்புநிதி முதிர்ந்திருக்கும். 'அண்ணாச்சி, ரூவா எடுக்கியளா?' என்பேன். 'வேண்டாம் மக்களே, திருப்பிப் போடு' என்பார். 'கொஞ்சமாவது எடுங்க, செலவுக்கு ஆகும்' என்றால், 'ஒரு அவசரத்துக்குக் கிடக்கட்டும்' என்பார். கையெழுத்துப் போடக் குனியும்போது அவர் செருப்பைப் பார்ப்பேன். வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். அந்த ஊக்கு துருப்பிடித்திருக்கும். அவருடைய கணக்கில் செருப்புக் கடையே வாங்கலாம், ஐயா. அவசரம் இன்னும் வரவில்லை. வந்தாலும் அது அவர் செருப்புக்காக வராது, ஆஸ்பத்திரிக்காகத்தான் வரும். அந்தப் பணத்தை யார் எடுக்க வருவார்கள் என்று எனக்குத் தெரியும். வாரிசுச் சான்றிதழோடு வருவார்கள்.

இன்னொரு காட்சி. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். அரண்மனை அரண்மனையாக வீடுகள். தேக்குக் கதவு, கிரானைட் படி, முன்னால் திண்ணை மாதிரி சிட்அவுட், இரண்டு கார் நிற்கிற போர்ச், மாடியில் யாரும் போகாத பால்கனி. கட்டினவர் மஸ்கட்டில் இருப்பார். இல்லையென்றால் குவைத், துபாய். அங்கே ஒரே அறையில் ஆறு பேரோடு அடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, இங்கே ஐந்து படுக்கையறை கட்டுகிறார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தார், பால் காய்ச்சினார், போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாதம் லீவு. அந்த மாதமும் பத்திரம், பட்டா, தங்கச்சி கல்யாணம், சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் என்று ஓடிவிடும். மாடி பால்கனியில் உட்கார்ந்து ஒரு சாயா குடித்திருப்பாரா? கேட்டால், 'திரும்பி வந்த பெறவு நிம்மதியா இருக்கணும்' என்பார்.

அந்த வீட்டின் கிரானைட் சிட்அவுட்டில் நடு மதியம் நாலு காலையும் நீட்டிப் படுத்திருப்பவன் யார்? பக்கத்து வீட்டு அம்மச்சி சோறும் மீன் தலையும் வைத்து வளர்க்கிற நாய். வெயில் ஏறினால் போர்ச்சுக்குப் போகிறது. மழை வந்தால் சிட்அவுட்டுக்கு வருகிறது. கிரானைட்டின் குளிர்ச்சி எந்தப் பக்கம் அதிகம் என்று கட்டினவருக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். வீடு அவர் பேரில். வாழ்வது அது. இதில் யார் புத்திசாலி என்று நடுவர் ஐயா சொல்ல வேண்டும்.

சேமிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. ஒக்கிப் புயலை டீச்சர் சொன்னார்கள். 2017 நவம்பர் 30. இந்தக் குமரி மாவட்டத்தில் அந்தத் தேதியை யாரும் மறக்க மாட்டோம். ஒரே நாளில் வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்தன. கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கையில் நாலு காசு இருந்தவன் மறுபடி கன்று வாங்கி நட்டான், சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காசுக்கு எறும்பைக் கும்பிடுங்கள். ஆனால் புயல் வராத நாட்களை எப்படி வாழ்வது? அதற்கு எறும்பிடம் பதில் இல்லை. புயல் வராத நாளிலும் அது புயலுக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓடுகிறதா என்பதிலேயே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒரு வகை எறும்பைக் கூட்டோடு எடுத்துவந்து, ஒவ்வொன்றின் முதுகிலும் சாயப் புள்ளி வைத்து, கேமராவில் கவனித்தார்கள். 2017இல் வெளியான முடிவு என்ன? கூட்டில் இருந்த வேலைக்கார எறும்புகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 40, பெரும்பாலான நேரம் சும்மா இருந்தன! சுறுசுறுப்பான எறும்புகளை எடுத்துவிட்டால் மட்டும் இந்தச் சும்மா இருந்தவற்றில் சில அந்த இடத்துக்கு வந்து வேலை செய்தனவாம். டீச்சர், 'எறும்பைப் பார், ஒரு நொடி நிற்கிறதா' என்று உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளைக் கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பி நிறுத்தியிருப்பீர்கள்! அந்தப் பிள்ளைகள்தான் உண்மையான எறும்பு.

சரி, மகிழ்ச்சிக்கு வருவோம். 2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். 2,250 பேரின் செல்போனில் ஒரு செயலியைப் போட்டு, நேரங்கெட்ட நேரத்தில் மூன்று கேள்வி கேட்டார்கள். இப்போது என்ன செய்கிறாய்? மனம் அந்த வேலையில் இருக்கிறதா, வேறு எங்காவது இருக்கிறதா? எப்படி இருக்கிறாய், சந்தோஷமா? விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் வேறு எங்கோ இருந்தது. பாதி வாழ்க்கை! அப்படி அலைந்த நேரத்தில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. என்ன வேலை செய்தார்கள் என்பதைவிட, மனம் அந்த வேலையில் இருந்ததா என்பதுதான் மகிழ்ச்சியை அதிகம் காட்டிக்கொடுத்தது. இன்னும் ஒன்று: இனிமையானதை நினைத்து அலைந்தவர்கள்கூட, கையிலிருந்த வேலையில் மனம் வைத்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை.

இதை நிரூபிக்க ஹார்வர்டுக்கு எதற்குப் போக வேண்டும்? நம் கன்னியாகுமரிக்கு விடியற்காலையில் போங்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ரயிலேறி வந்து, லாட்ஜில் அலாரம் வைத்து எழுந்து, கடற்கரையில் நிற்கிறார்கள். சூரியன் வருகிறது. ஆயிரம் கை மேலே போகிறது. கும்பிடவா? போட்டோ எடுக்க! சூரியன் கடலில் ஏறுகிறது, இவர்கள் செல்போனில் பார்க்கிறார்கள். அது முழுசாக மேலே வருவதற்குள் குனிந்து ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். பிறகு 133 அடி வள்ளுவரையும் கண்ணாடிப் பாலத்தையும் அதே வேகத்தில் முடிக்க வேண்டும். படிக்கட்டில் அந்த ஊர் நாய் ஒன்று உட்கார்ந்து, கடலைப் பார்த்து மூக்கைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். அந்த விடியலை முழுசாக அனுபவித்த உயிர் அங்கே அது ஒன்றுதான். டிக்கெட் செலவும் கிடையாது.

நாய் நிகழ்காலத்தில் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறோம். எப்படி இருக்கிறது? மூக்கால் இருக்கிறது. நமக்கு மூக்கில் வாசனை பிடிக்கிற உணரணுக்கள் சுமார் 50 லட்சம். நாய்க்குப் பத்துக் கோடிக்கு மேல். இழுக்கும் மூச்சு நேராக உள்ளே போகும், விடும் மூச்சு மூக்கின் இரண்டு பக்கக் கீறல் வழியாக வெளியே போகும். அதனால் முகர்ந்துகொண்டே இருக்கலாம். சாயாக்கடை முக்கில் நிற்கிற கரண்டுக் கம்பத்தில் போய் நிற்கிறதே, நாம் கயிற்றைப் பிடித்து 'வா, வா' என்று இழுக்கிறோமே, அது அங்கே என்ன செய்கிறது? எந்த நாய் வந்தது, எப்போது வந்தது, ஆணா பெண்ணா, என்ன மனநிலையில் வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறது. நாம் செய்தித்தாளை விரித்தவரின் கையிலிருந்து பிடுங்குகிறோம்.

2019இல் பிரான்சைச் சேர்ந்த சார்லட் டுராண்டன், அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு கூட்டம் நாய்களுக்கு முகர்ந்து தேடுகிற பயிற்சி. இன்னொரு கூட்டத்துக்கு எஜமானர் காலோரமாக ஒழுங்காக நடக்கிற பயிற்சி. இரண்டு வாரம் கழித்து, தீனி இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். முகர்ந்து பழகிய நாய்கள் 'இருக்கும்' என்று முன்பைவிட வேகமாக ஓடின. ஒழுங்காக நடக்கப் பழகியவற்றிடம் அந்த மாற்றம் இல்லை. நம்பிக்கை எங்கிருந்து வந்தது பாருங்கள்! நாளையைப் பற்றிய கணக்கிலிருந்து வரவில்லை, இந்த நிமிடத்தை ஆழ முகர்ந்ததிலிருந்து வந்தது. டீச்சர் மன்னிக்க வேண்டும், வரிசையாக நடப்பதில் எறும்பை யாரும் வெல்ல முடியாது.

எங்கள் விளைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற மாமா ஒருவர் இருக்கிறார். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார். கூடவே அவருடைய நாய். அவர் ஒரு மரத்தில் நின்றால் அதுவும் நிற்கும். அவர் அடுத்த மரத்துக்குப் போனால் அதுவும் போகும். ஒரு நாள் கேட்டேன், 'மாமா, இத்தன மரம் இன்னும் பாக்கி இருக்கே, மலைப்பா இல்லியா?' அவர் சொன்னார்: 'பாக்கிய நெனச்சா கத்தி உள்ள இறங்கிரும் மக்களே. மரம் காயப்பட்டுரும்.' பட்டையை நூல் கனத்துக்குத்தான் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் தடி காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வளராது, பிறகு அங்கே வெட்ட முடியாது. ஆகவே அவருக்கு எப்போதும் ஒரே மரம்தான் உண்டு, முன்னால் நிற்கிற மரம். பால் சிரட்டையில் சொட்ட ஆரம்பித்ததும் ஒரு நொடி நின்று பார்ப்பார். நாயும் பார்க்கும். கணக்குப் பார்ப்பது வேறு வேளையில். ஷீட் அடித்து, புகைபோட்டு, விற்று, எங்கள் வங்கியில் வந்து ஆர்.டி.யும் கட்டுகிறார் அந்த மனிதர். எங்கள் அணி சோம்பேறிகளின் அணி என்று எதிரணித் தம்பி சொன்னாரே, அவருக்குத்தான் இதைச் சொல்கிறேன். நாய் வேலை செய்யாதே என்று சொல்லவில்லை. வேலை செய்கிறபோது வேலையில் இரு, படுக்கிறபோது படுத்துக்கொள் என்கிறது. நாம் வேலையில் படுக்கையை நினைக்கிறோம், படுக்கையில் வேலையை நினைக்கிறோம், இரண்டும் போச்சு.

அடுத்து, நாய் என்பதே வசைச்சொல் என்றார்கள். தமிழில் நாயை வைத்துத் திட்டுகிறோம், எறும்பை வைத்துத் திட்டுவோமா என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் நாலடியாரைப் புரட்டினால் கதை மாறும். யானை போன்றவன் நட்பை விடு, நாய் போன்றவன் நட்பைப் பிடி என்கிறது அது. யானை பல நாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ, 'எறிந்தவேல் மெய்யதா வால்குழைக்கும்'. எஜமான் எறிந்த வேல் தன் உடம்பில் குத்தி நிற்க, எறிந்தவனைப் பார்த்து வாலாட்டுகிறது.

அதைக் கொஞ்சம் நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர். எல்லையில் ஒரு பிலா மரம். சக்கை, அதாவது பலாப்பழம், யாருக்கு என்று தகராறு. சர்வே நடந்தது, கல் நட்டார்கள், கல்லைப் பிடுங்கினார்கள், கேஸ் போட்டார்கள். வக்கீல் பீசுக்கு இதுவரை கொடுத்ததில் வருஷம் முழுக்க ஊருக்கே சக்கை வாங்கிக் கொடுத்திருக்கலாம். அம்மை செத்தபோதுகூட அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். இரண்டு வீட்டிலும் நாய் உண்டு. எஜமானர்களின் வழியில் அவையும் ஒரு நாள் மோதிக்கொண்டன. ஒன்றுக்குக் காது கிழிந்து ரத்தம். நாலு நாள் உறுமின. அதற்குப் பிறகு போய்ப் பார்த்தால், அந்தப் பிலா மரத்தடியில், சர்வே கல்லில் ஒன்று முதுகைச் சாய்த்திருக்கிறது, கிழிந்த காதை மற்றது நக்கிக்கொண்டிருக்கிறது. மேலே சக்கை பழுத்து, வெட்ட ஆளில்லாமல் விழுந்து, ஈ மொய்க்கிறது. கோர்ட்டில் வாய்தா.

இந்த இடத்தில் எதிரணி ஒரு நல்ல பந்து போட்டது. நாய் பழையதை மறப்பதில்லை, ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாய், எஜமானர் 1925 மே மாதத்தில் இறந்த பிறகும் 1935 மார்ச்சில் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து காத்திருந்ததே, அது கடந்த காலத்தில்தானே வாழ்ந்தது என்று கேட்டார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ரயில் வருகிற நேரத்துக்கு எழுந்து போவது புலம்பல் இல்லை. 'இன்றைக்கு வருவார்' என்று ஒவ்வொரு சாயங்காலமும் புதுசாகப் போயிருக்கிறது. நிலையத்தில் சிநேகிதர்களைப் பிடித்திருக்கிறது. இறந்த பிறகு வயிற்றைச் சோதித்தபோது கோழிக்கறி குத்திச் சுடுகிற குச்சிகள் இருந்தன. சோகத்தில் சோறு தண்ணி விடவில்லை, ஐயா! யாரோ அன்பாக நீட்டிய கறியைக் குச்சியோடு விழுங்கியிருக்கிறது. ஞாபகமும் இருந்தது, பசியும் இருந்தது, ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

நாய்க்கு ஞாபகமே கிடையாது, அதனால்தான் அது சந்தோஷமாக இருக்கிறது என்று எங்கள் அணித் தம்பி ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அதை நானே திருத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் டீச்சர் பிடித்துக்கொள்வார்கள். நாய்க்கு ஞாபகம் உண்டு. அடி வாங்கிய வலியும் உண்டு. அதில் ஒரு வேதனையான கதை இருக்கிறது.

1967. பென்சில்வேனியா பல்கலைக்கழகம். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு இளைஞர்கள். நாய்களைக் கட்டி வைத்து மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். எதைச் செய்தாலும் நிறுத்த முடியாத அதிர்ச்சி. பிறகு அதே நாய்களை, ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்கிற பெட்டியில் விட்டார்கள். முன்பு அதிர்ச்சி வாங்காத நாய்கள் தாண்டிவிட்டன. வாங்கியவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை. படுத்து முனகின. இன்று அதைப் படிக்கவே எனக்குக் கை நடுங்குகிறது. அப்படி ஒரு சோதனை செய்யத்தான் வேண்டுமா என்று கோபம் வருகிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த நாய்களை எப்படி மீட்டார்கள்? கறியைக் காட்டினார்கள், எழும்பவில்லை. கூப்பிட்டார்கள், எழும்பவில்லை. கடைசியில் கயிற்றைக் கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்தார்கள். ஒரு தடவை போதவில்லை. மறுபடி மறுபடி இழுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு இலேசாகி, ஒரு கட்டத்தில் நாய் தானே தாண்டிவிட்டது. பிறகு தாண்டிக்கொண்டே இருந்தது. கால்கள் அந்தப் பக்கம் பட்ட அனுபவம்தான் அதைக் காப்பாற்றியது. அதே செலிக்மன்தான் 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானபோது, நோயை மட்டும் படித்தது போதும், மகிழ்ச்சியையும் படிப்போம் என்று ஒரு துறையையே கிளப்பிவிட்டார். மகிழ்ச்சி ஆராய்ச்சிக்கு வழிவிட்டதில் அந்த நாய்களின் வலி இருக்கிறது. எறும்புக்கு அந்தத் துறையில் என்ன பங்கு என்று எதிரணி தேடிப் பார்க்கட்டும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். நாய்க்குக் காயம் உண்டு, ஞாபகம் உண்டு. ஆனால் காயத்தைத் தினமும் எடுத்து வைத்து எண்ணிப் பார்க்கிற வேலையை அது செய்வதில்லை. வட்டி போட்டு வளர்ப்பதில்லை. நாம் போடுகிறோம். பணத்துக்கு எங்கள் வங்கி கொடுக்கிற வட்டியைவிட, பகைக்கு நாம் போடுகிற வட்டி அதிகம்.

'தப்பு செய்துவிட்டு நாய் தலைகுனிந்து நிற்கிறதே, அதுவும் பழசை நினைத்துத்தானே?' என்று எதிரணித் தம்பி கேட்கலாம். அதையும் சோதித்தாயிற்று. அதே ஹோரோவிட்ஸ், 2009இல், 14 நாய்களை வைத்து. தப்பே செய்யாத நாயை எஜமானர் திட்டினாலும் அந்த முகம் வந்தது. தப்பு செய்த நாயைத் திட்டாவிட்டால் அவ்வளவாக வரவில்லை. அது நம் முகத்தைப் பார்த்து வைக்கிற முகம், ஐயா. என் வீட்டுக்காரர் வைக்கிற அதே முகம்.

நடுவர் ஐயா மணிமேல் கை வைக்கிறார். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்க்கு மணி கேட்டால் எச்சில் ஊறியது என்பார்கள். பட்டிமன்றப் பேச்சாளருக்கு நாக்கு வறள்கிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

கடி. ஆமாம், நாய் கடிக்கிறது. எறும்பும் கடிக்கிறது என்று சிரித்துவிட்டுப் போகலாம், போக மாட்டேன். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆகவே இங்கே இருக்கிற தாய்மாருக்கு ஒரு வார்த்தை: கடித்தாலும் பிராண்டினாலும், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி ஒன்றும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொன்ன தேதியிலெல்லாம் ஊசியைப் போட்டு முடியுங்கள். வீட்டு நாய்க்கும் தடுப்பூசி போடுங்கள். தெருவில் சோறு வைத்தால் மட்டும் போதாது, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பஞ்சாயத்தில் போய்ச் சத்தம் போடுங்கள். இது நாயை நேசிக்கிறவர்களின் கடமை. கடிக்கிற வாத்தியாரிடமும் பாடம் படித்தவர்கள்தானே நாம் எல்லாரும்?

'பாசம் எல்லாம் சோற்றுக்கு' என்றும் ஒரு குத்தல் வந்தது. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் என்பவர், மயக்க மருந்து இல்லாமல் ஸ்கேன் இயந்திரத்தில் அசையாமல் கிடக்க நாய்களைப் பழக்கினார். 2016இல் அவர் குழு 15 நாய்களின் மூளையைப் பார்த்தது: தீனி கிடைக்கும் என்றபோது எவ்வளவு துள்ளல், எஜமானர் வந்து பாராட்டுவார் என்றபோது எவ்வளவு துள்ளல்? தீனிக்கு மட்டும் கூடுதலாகத் துள்ளியவை இரண்டே இரண்டு. மற்றவற்றுக்கு எஜமானரின் ஒரு நல்ல வார்த்தை தீனிக்குச் சமம், சிலவற்றுக்கு அதற்கும் மேல். அதற்கு முந்திய வருஷம் ஜப்பானில் கண்டது: நாயும் எஜமானரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், தாய்க்கும் பிள்ளைக்கும் பாசத்தைக் கூட்டுகிற ஆக்சிடோசின் இரண்டு பேருக்கும் கூடுகிறது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மகன் வாசலில் நிற்கும்போது வீட்டில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அப்பா பெட்டியைப் பார்ப்பார். தங்கச்சி சாக்லேட்டைப் பார்ப்பாள். மச்சான் செல்போன் எந்த மாடல் என்று பார்ப்பான். 'எப்ப திரும்பப் போற?' என்று ஒருத்தர் வாசலிலேயே கேட்டுவிடுவார். நாய் ஒன்றுதான் ஐயா, ஆளைப் பார்க்கும்.

கடைசியாக ஒன்று. ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் ஒரு குழியைக் கண்டார்கள். ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டியின் எலும்பு. ஏறக்குறைய 14,000 வருஷம் பழையது. பல்லை ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்: அந்தக் குட்டிக்குக் கடும் நோய் வந்திருக்கிறது, திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, யாராவது சுத்தம் செய்து, தண்ணீர் ஊட்டிப் பார்த்துக்கொள்ளாமல் இத்தனை வாரம் அது உயிரோடு இருந்திருக்க முடியாது. வேட்டைக்கு உதவாத, காவலுக்கு உதவாத, எப்படியும் சாகப் போகிற குட்டி. அன்றைக்கு வயல் கிடையாது, பத்தாயம் கிடையாது, வங்கி கிடையாது. நெல்லையும் கோதுமையையும் விளைத்துச் சேர்க்க மனிதன் கற்கும் முன்பே நாய் அவன் பக்கத்தில் வந்து படுத்துவிட்டது. நாய் சீனியர், டீச்சர். எறும்புப் பாடம் நமக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

மணி அடித்தாயிற்று. அடுத்து எதிரணியில் பேச வருகிற தம்பிக்கு விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் கத்தார் போகிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லபடியாகப் போய் வாருங்கள் தம்பி, எங்கள் வங்கியில் வெளிநாடு வாழ்வோர் கணக்குக்கு ஆவன செய்கிறேன். போகும் முன் இந்த மேடையில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள்: மழைக்காலத்துக்குச் சேர்த்த எறும்பு, மழை பெய்யும்போது உட்கார்ந்து அந்த மழையைப் பார்த்தது என்று எந்தக் கதையிலாவது உண்டா? உங்கள் அணியில் யாராவது சொல்லிவிட்டால் நான் நாளைக்கே கட்சி மாறுகிறேன்.

நன்றி, வணக்கம்.